கஞ்சிக்கோடு பட்டறை நாட்குறிப்பு: சர்வோ டிரைவ் மாற்றும் வேலை

அக்டோபர் 6, 2025, திங்கள்

கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் பம்ப் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு பட்டறை. மால் பெரும்பாலும் வாளையாறு தாண்டி கோயம்புத்தூருக்குத்தான் போகிறது. முதலாளி கொழிஞ்சாம்பாறைக்காரர், தமிழ்தான் பேசுவார். மெஷின் ஓட்டுகிற சேட்டன் மலையாளி. பழைய வி.எம்.சி. (கணினி ஓட்டும், உலோகம் குடையும் மெஷின்) ஒன்றில் எக்ஸ், ஒய், இசட் மூன்று அச்சுக்கும் சர்வோ டிரைவ் (மோட்டாருக்குக் கரண்டை அளந்து அனுப்பும் பெட்டி), மோட்டார் எல்லாம் புதிதாகப் போட வேண்டும். தீபாவளிக்கு முன் முடித்துத் தரச் சொல்கிறார்.

பேனல் கதவில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. மெயின் ஐசோலேட்டரை (பேனலுக்கு வரும் கரண்டை மொத்தமாக வெட்டும் சுவிட்சை) இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் வைத்தேன். என்னோடு வந்திருக்கும் ஐ.டி.ஐ. முடித்த தம்பி உடனே ஸ்குரூ டிரைவரோடு பழைய டிரைவ் பக்கம் போனான். "கரண்டுதான் ஆஃப் பண்ணியாச்சே அண்ணே" என்றான்.

மல்டிமீட்டரை முதலில் கரண்டு இருக்கும் ஒரு பிளக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். மீட்டர் வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு டிரைவின் பி, என் டெர்மினல்களுக்கு (உள்ளே இருக்கும் டி.சி.யின் பிளஸ், மைனஸ்) நடுவே டி.சி.யில் வைத்தோம். 290 சொச்சம் காட்டியது. ஐசோலேட்டர் இறங்கிச் சற்று நேரம் ஆகியும் அவ்வளவு. 220 வோல்ட் ஏசியை டி.சி.யாக மாற்றினால் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களில் 310 வோல்ட் வரை நிற்கும். மெயினைப் பிடுங்கிவிட்டாலும் அது தானாக வடிய நேரம் எடுக்கும். எண் மெதுவாக இறங்குவதைத் தம்பி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். 200, 120, 70. டிரைவின் முகப்பில் இருக்கும் சிவப்பு சார்ஜ் விளக்கு அணைந்த பிறகும் மீட்டரில் 40க்கு மேல் இருந்தது. விளக்கை மட்டும் நம்பிக் கை வைப்பவர்கள் இந்தக் காட்சியை ஒரு தடவை பார்க்க வேண்டும். டிரைவ் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை நிமிடம் போட்டிருக்கிறதோ அத்தனை நிமிடம் காத்திரு, அப்புறம் அளந்து பார், அப்புறம் தொடு என்று சொன்னேன். கடைசியில் மீட்டரை மறுபடியும் பிளக்கில் வைத்துச் சரிபார்த்தோம். நடுவில் மீட்டரே செத்துப்போயிருந்தால் அது காட்டுகிற பூஜ்யத்துக்கு என்ன மதிப்பு?

அக்டோபர் 8, புதன்

காலையில் வேலந்தாவளம் வழியாக கோயம்புத்தூர் போய் லக், ஃபெரூல், ஷீல்டு கேபிள், இடி மின்னலில் வரும் மிகை வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பும் சர்ஜ் அரெஸ்டர் வாங்கி வந்தேன். மதியத்துக்கு மேல் டிரைவ்களைப் பேனல் தட்டில் ஏற்றினோம். மேலும் கீழும் காற்று போக இடம் விட்டு, நேராக நிற்க வைத்து. பிரேக்கிங் ரெசிஸ்டரைப் பேனலுக்கு வெளியே, மேல் கூரையில், துளை போட்ட மூடிக்குள் வைத்தேன். மோட்டார் வேகம் குறையும்போது திரும்பி வரும் சக்தியெல்லாம் அதில்தான் சூடாக எரியும். மெஷின் நின்ற பிறகும் தொட்டால் சுடும். பழைய ஆள் அதைக் கேபிள் டக்டுக்கு அரையங்குலம் தள்ளி வைத்திருந்தார். டக்டின் பிளாஸ்டிக் பழுப்பேறி வளைந்திருக்கிறது.

இன்னொன்று. மெஷினை ஆன் செய்யும்போது எம்.சி.பி. (கரண்டு மிஞ்சினால் தானே வெட்டும் சுவிட்ச்) விழும், இரண்டு மூன்று தடவை தூக்கினால் நிற்கும் என்று சேட்டன் சொன்னார். பெரிதாக ஒன்று போட்டுவிடலாமா என்று முதலாளி கேட்டார். வேண்டாம். 415ஐ 220 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஆன் ஆகும் கணத்தில் பல மடங்கு கரண்டு இழுக்கும்; சி கர்வ் எம்.சி.பி. அதைத் தாங்காது. அதே ஆம்பியரில், கண நேர இழுப்பைக் கூடுதலாகப் பொறுக்கும் டி கர்வ் போட்டேன், விழாமல் நின்றுவிட்டது. ஆம்பியரைக் கூட்டியிருந்தால் எம்.சி.பி. விழாது, ஆனால் உள்ளே ஒயர் கருகினாலும் விழாது.

அக்டோபர் 9, வியாழன்

நாள் முழுக்க எர்த் வேலை. மோட்டாரின் பச்சை ஒயரை முன்பு வேலை பார்த்தவர் நியூட்ரல் லிங்க்கில் கட்டியிருந்தார். பார்த்ததும் வயிறு கலங்கியது. நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் மெஷின் பாடி முழுக்கக் கரண்டு வந்துவிடும், சேட்டன் தினமும் அதில்தான் கை வைத்து வேலை செய்கிறார். முதலாளியைக் கூப்பிட்டு நேரில் காட்டினேன். புதிய எர்த் குழிக்கு உடனே ஒத்துக்கொண்டார். இங்கே ஓரளவு ஆழத்துக்குக் கீழே பாறைதான். பட்டறைக்குப் பின்னால், வாழை நிற்கும் ஈரமான பக்கமாகப் பார்த்துத் தோண்டச் சொல்லியிருக்கிறேன்.

பேனல் தட்டில் பெயிண்டைச் சுரண்டி வெறும் உலோகம் தெரிய வைத்து, செம்பு எர்த் பார் பொருத்தினோம். ஒவ்வொரு டிரைவிலிருந்தும் தனித்தனி ஒயர் பாருக்கு. ஒன்றிலிருந்து அடுத்ததுக்குத் தாவ விடக்கூடாது. நடுவில் ஒன்றைக் கழற்றினால் அதற்கப்புறம் இருக்கும் எல்லாவற்றுக்கும் எர்த் போய்விடும். சர்வோ டிரைவ் நன்றாக இருக்கும்போதே எர்த்தில் கொஞ்சம் கசிவு ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் பேனலின் மெயின் எர்த்துக்கு 10 சதுர மில்லிமீட்டர் செம்பு இழுத்தேன். மெல்லிய ஒயர் ஒன்று போட்டு அது அறுந்தால், அந்தக் கசிவுக்கு வழி தொடுகிறவன் உடம்புதான்.

அக்டோபர் 11, சனி

மோட்டார் ஒயரிங். உள்ளே வரும் பக்கம் ஆர், எஸ், டி. மோட்டாருக்குப் போகும் பக்கம் யு, வி, டபிள்யு. மெயினை யு, வி, டபிள்யுவில் கொடுத்தால் டிரைவ் அந்த நொடியே காலி. அதனால் மெயின் பக்கம் சிவப்பு, மஞ்சள், நீலம். மோட்டார் பக்கம் கறுப்பில் எண் போட்ட ஒயர். கண் தவறினாலும் நிறம் காட்டிக்கொடுக்கும்.

தம்பிக்குச் சாதாரண மோட்டார் பழக்கம். சுற்றுதிசை மாறினால் இரண்டு ஃபேஸை மாற்றிப் போடுவோமே என்றான். சர்வோவில் அது கூடாது. ரோட்டர் எங்கே நிற்கிறது என்று என்கோடர் சொல்வதை வைத்துத்தான் டிரைவ் கரண்டு அனுப்புகிறது. ஃபேஸ் மாறினால் கணக்கு தலைகீழாகி மோட்டார் ஓட்டமெடுக்கும், இல்லையென்றால் அலாரம் அடித்து நிற்கும். திசையை மாற்ற வேண்டுமானால் பாராமீட்டரில்தான்.

பழைய கேபிளை மெக்கர் பண்ணி (500 வோல்ட் விட்டு இன்சுலேஷனைச் சோதித்து) பார்க்கலாமா என்று முதலாளி கேட்டார். பார்க்கலாம், ஆனால் டிரைவிலிருந்து முழுக்கக் கழற்றிய பிறகு. 500 வோல்ட்டை டிரைவுக்குள்ளோ என்கோடருக்குள்ளோ விட்டால் புதுச் சாமானுக்கு அன்றே காரியம்.

என்கோடர் கேபிளையும் பவர் கேபிளையும் ஒரே டக்டில் விடவில்லை. குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாக வெட்டிப் போகும்படி விட்டேன். ஷீல்டை (கேபிளைச் சுற்றியிருக்கும் உலோக வலையை) முறுக்கி வாலாக்கி ஸ்குரூவில் கட்டாமல், சுற்றிலும் பிடிக்கும் கிளாம்ப் போட்டேன். பவர் கேபிளின் இரைச்சல் புகுந்து என்கோடர் சொல்லும் எண் நடுவில் தாவினால் அச்சு எதிர்பாராமல் துள்ளும். அப்போது உள்ளே கை இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொள்ளும் நிலைமை வரவே கூடாது.

சாயங்காலம் மலைப்பக்கம் இடி தொடங்கிவிட்டது. துலா மாதம் நெருங்குகிறது, இனி பல நாள் இப்படித்தான். சர்ஜ் அரெஸ்டரின் எர்த் ஒயரை எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாக வெட்டிப் பொருத்திவிட்டுக் கிளம்பினோம்.

அக்டோபர் 14, செவ்வாய்

எமர்ஜென்சி சர்க்யூட். இந்த வேலையிலேயே நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். எக்ஸ், ஒய் நின்றால் நின்ற இடத்தில் நிற்கும். இசட்டில் ஸ்பிண்டில் (வெட்டும் டூலைச் சுற்றும் பாகம்) தலை மொத்தமும் தொங்குகிறது. கரண்டை வெட்டினால் மோட்டாருக்குப் பிடி போகும், தலை கீழே இறங்கும். அதனால்தான் இசட் மோட்டாரில் மட்டும் பிரேக். 24 வோல்ட் கொடுத்தால் விடும், கொடுக்காவிட்டால் ஸ்பிரிங் பிடிக்கும். நின்ற மோட்டாரைப் பிடித்து வைக்கத்தான் அது. ஓடும் மோட்டாரைத் தினமும் அதை வைத்து நிறுத்தினால் தேய்ந்துபோகும்.

எமர்ஜென்சி பட்டனின் காண்டாக்ட் மூடியே இருக்கும் வகை, இரண்டு சேனல், நேராக சேஃப்டி ரிலேக்கு. கன்ட்ரோலர் சாஃப்ட்வேரை நடுவில் விடவில்லை. பட்டனை அடித்ததும் டிரைவ் வேகத்தைக் குறைத்து நிறுத்துகிறது, பிரேக் விழுகிறது, அரை நொடி கழித்து கான்டாக்டர் (பெரிய ரிலே சுவிட்ச்) மெயினை வெட்டுகிறது. உடனே வெட்டினால் பிரேக் பிடிப்பதற்குள் தலை நழுவும்.

கரண்டை வெட்டும்போது எழும் வோல்டேஜை அடக்க, பிரேக் காயிலுக்கு இணையாக வழக்கம்போல் டயோடு போட்டுத் தம்பி ஒயர் பண்ணியிருந்தான். ஸ்பிண்டிலுக்குக் கீழே தடிமனான மரக்கட்டையைச் சின்ன இடைவெளி விட்டு வைத்தேன். தலையில் டயல் கேஜ் முள் படும்படி ஸ்டாண்டை டேபிளில் நிறுத்தி, சர்வோ பிடியை வேண்டுமென்றே எடுத்துவிட்டுப் பிரேக்கை மட்டும் விழ வைத்தோம். முள் விறுவிறுவென்று ஓடி அரை மில்லிமீட்டர் பக்கம் போய் நின்றது. டயோடை எடுத்து, அதே வேலை செய்யும் வேரிஸ்டர் போட்டுத் திரும்பச் செய்தோம். இந்தத் தடவை முள் லேசாக அசைந்ததோடு சரி. டயோடு இருந்தால் காயிலில் கரண்டு சுற்றிச் சுற்றி மெதுவாகச் சாகும், பிரேக் அத்தனை நேரம் தாமதமாகப் பிடிக்கும். தம்பி அந்த டயோடைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

டிரைவில் எஸ்.டி.ஓ. (சேஃப் டார்க் ஆஃப்) இருக்கிறதே, டூல் மாற்ற அதுவே போதாதா என்று சேட்டன் கேட்டார். நல்ல கேள்வி. அது மோட்டாரின் முறுக்கு விசையை மட்டும்தான் வெட்டும். டெர்மினலில் வோல்டேஜ் அப்படியே இருக்கும், தொங்கும் தலையையும் அது பிடிக்காது. பேனலுக்குள் வேலை என்றால் ஐசோலேட்டர், பூட்டு, காத்திருப்பு, மீட்டர். இசட்டில் வேலை என்றால் கட்டையும் சேர்த்து.

அக்டோபர் 16, வியாழன்

புது எர்த் குழியை அளந்தோம், திருப்தியாக இருந்தது. பாடிக்கும் எர்த் பாருக்கும் நடுவே மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம்.

முதல் ஓட்டம் கப்ளிங் (மோட்டாரை மெஷினோடு இணைக்கும் பாகம்) இல்லாமல். மோட்டாரைத் தட்டோடு இறுக்கிப் பிடித்து, ஷாஃப்டில் இருக்கும் கீயை (ஆப்பு போன்ற சின்ன இரும்புத் துண்டை) கழற்றி வைத்த பிறகுதான் ஜாக் (மெதுவாகச் சிறிது சுற்ற வைப்பது) கொடுத்தோம். கீ இருந்து மோட்டார் வேகமெடுத்தால் துப்பாக்கிக் குண்டாகப் பறக்கும். டார்க் லிமிட் 30 சதவீதம், வேகம் குறைவு. மூன்றும் அமைதியாகச் சுற்றின. கப்ளிங் மாட்டி, ஒவ்வொரு லிமிட் சுவிட்சையும் கையால் அழுத்தி நிற்கிறதா என்று பார்த்து, எமர்ஜென்சியை ஓட்டத்தில் அடித்துப் பார்த்தோம். இசட் நழுவவில்லை. லோடு போட்டுச் சிறிது நேரம் ஓட்டிய பிறகு, மெயினை இறக்கி, காத்திருந்து, அளந்து, டெர்மினல் ஸ்குரூக்களை மறுபடி ஒருமுறை இறுக்கினோம். தம்பி கேட்காமலேயே மீட்டரை எடுத்து பி, என்னில் வைத்தான்.

பேனல் கதவின் உள்பக்கம் தமிழிலும் மலையாளத்திலும் ஒட்டியாகிவிட்டது: எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், எந்த இரண்டு டெர்மினலில் அளக்க வேண்டும், 50 வோல்ட்டுக்குக் கீழே வராமல் தொடக்கூடாது. மலையாளத்தைச் சேட்டனே எழுதித் தந்தார்.

ஸ்பிண்டில் வி.எஃப்.டி. (ஸ்பிண்டில் மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ்) பழையதுதான், தீபாவளி கழித்துப் பார்ப்போம் என்றிருக்கிறார் முதலாளி. அது நேரே 415இல் ஓடுவது. உள்ளே டி.சி. 580க்கு மேல் நிற்கும், கெபாசிட்டரும் பெரியது. அதுவரை அந்தப் பெட்டியை யாரும் திறக்கக்கூடாது என்று பூட்டி, சாவியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.