ஏகேஏபி புரதமும் அதைத் தொடும் சேர்மங்களும்

பினாங்கு, கோலாலம்பூர் ஆய்வகங்களில் உயிரணு சமிக்ஞை பார்க்கும் மாணவர்களுக்கு இது.

ஏகேஏபி (AKAP), பிகேஏ (PKA) என்ற கைனேஸை, அதாவது மற்றப் புரதங்களில் பாஸ்பேட்டைச் சேர்க்கும் நொதியை, உயிரணுவின் குறிப்பிட்ட இடத்தில் கட்டிவைக்கும் புரதம். எஸ்டி-எச்டி31 என்ற பெப்டைடு அந்தப் பிடியைத் தளர்த்தும், பிகேஏவை அணைக்காது. நொதியைத் தடுப்பது எச்-89 என்ற சேர்மம். ஆனால் அது ராக் (ROCK) போன்ற வேறு கைனேஸ்களையும் தடுக்கும் என்பதால், அதை மட்டும் நம்பி முடிவெழுதக் கூடாது.

எஸ்டி-எச்டி31 உயிரணுவுக்குள் நுழைவது ஸ்டியரேட் என்ற கொழுப்பு அமில வாலால்தான். சீரத்தில் உள்ள ஆல்புமின் அந்த வாலைப் பிடித்துக்கொள்ளும். அதனால் சீரம் இல்லாத ஊடகம் வேண்டும். அளவு மிஞ்சினால் சவ்வே சேதமாகும், அதை ஏகேஏபி விளைவு என்று நினைத்துவிடுவோம். புரோலின் மாற்றியதால் அந்தப் பிடியைத் தளர்த்தாத எஸ்டி-எச்டி31பி ஒப்பீடு இல்லாத ஆய்வுப் படத்தை நான் நம்புவதில்லை.

பிகேஏவை இயக்கும் சிறு மூலக்கூறான சிஏஎம்பியை (cAMP) உயர்த்த போர்ஸ்கோலின். நம் மருந்துக் கூர்க்கன் கிழங்கிலிருந்து வருவதுதான்! 4.1 மில்லிகிராமை 1 மில்லிலிட்டர் டிஎம்எஸ்ஓ (DMSO) கரைப்பானில் கரைத்தால் 10 மில்லிமோலார். அதில் 1 மைக்ரோலிட்டரை 1 மில்லிலிட்டர் ஊடகத்தில் விட்டால் 10 மைக்ரோமோலார், டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதம். ஊடகம் 37 டிகிரியில் இருக்கட்டும். குளிர்ந்ததில் விட்டால் படிந்துவிடும். ஒப்பீட்டுக்கு வெறும் டிஎம்எஸ்ஓ விட்ட கிண்ணமும் கட்டாயம்.

நம்மூர் ஈரப்பதத்துக்கு டிஎம்எஸ்ஓ தண்ணீரை உறிஞ்சும். பிரீசரிலிருந்து எடுத்த குப்பியை அறை வெப்பத்துக்கு வந்தபிறகே திறக்கவும். 20 மைக்ரோலிட்டராகப் பிரித்து வைத்தால் மறுபடி மறுபடி உருக்க வேண்டியதில்லை.