அடர்த்தி எண்ணும் வளர்ச்சி எண்ணும்

மக்கள்தொகைப் பரவலுக்குக் காரணம் சொல்லும் பள்ளிப் புவியியல் நூல்கள் பெரும்பாலும் நிலத்தோற்றம், தட்பவெப்பம், மண்வளம், நீர் என்று தொடங்கும். அரசியலுக்கும் வணிகத்துக்கும் கடைசிப் பத்தியில்தான் இடம் கிடைக்கும். காவிரிப் படுகைக்கு அந்த வரிசை சரி. சென்னைக்கு அதைத் தலைகீழாகத்தான் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இங்கே வற்றாத ஆறு இல்லை, இயற்கைத் துறைமுகமும் இல்லை. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கடற்கரையில் நிலம் பெற்று, அடுத்த ஆண்டு கோட்டை கட்டத் தொடங்கியதற்கு முக்கியக் காரணம், சுற்றுவட்டாரத்தில் துணி மலிவாகக் கிடைத்ததுதான். அதன்பின் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க, சரக்கும் பயணிகளும் மசூலா எனப்படும் கரையோரப் படகுகளில் அலைகளைத் தாண்டிக் கரை சேர வேண்டியிருந்தது. ஊர் முதலில் திரண்டது. தண்ணீரை அதன் பின்னால் தேடிக் கொண்டுவந்தார்கள். புழல் ஏரி போதாமல் 1944இல் பூண்டி, 1996இல் கிருஷ்ணா நீர், 2004இல் வீராணம், 2010இல் மீஞ்சூர்க் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை என்று அந்தத் தேடல் நீண்டது. இத்தனைக்குப் பிறகும் 2019 கோடையில் ஏரிகள் வறண்டன. நான் குடியிருக்கும் மேடவாக்கம் பக்கம் தண்ணீர் லாரி வரும் நேரத்தை ஒட்டியே அன்றாட வேலைகளை வகுத்துக்கொண்டோம். ஆனாலும் அதற்காக எங்கள் தெருவில் யாரும் ஊரைவிட்டுப் போகவில்லை. மறுபுறம், குளிரும் மழையும் பசுமையும் நிறைந்த நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 2001இல் 7.62 லட்சமாக இருந்து 2011இல் 7.35 லட்சமாகக் குறைந்தது.

அதே பத்தாண்டில் பழைய எல்லைக்குட்பட்ட சென்னை எட்டு சதவீதத்துக்கும் குறைவாகவே வளர, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்கள் 35 சதவீதத்தைத் தாண்டி வளர்ந்தன. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளும் பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்களும் ஆட்களை வெளியே இழுத்தன. நகருக்குள் ஏறிய வாடகை அவர்களைத் தள்ளியது. ஆனால் எல்லோரும் தாமாக வந்தவர்கள் அல்லர். கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த குடும்பங்களை நகரின் தென்புறத்திலுள்ள கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளுக்கு அரசே கொண்டுவந்து சேர்த்தது. பரவலை அரசின் ஆணை எப்படி வடிவமைக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

அடர்த்தி எண்ணையும் எச்சரிக்கையாகவே கையாள வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி 176 சதுர கிலோமீட்டர் கொண்ட சென்னை மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 26,500 பேர் வாழ்ந்தனர். அதே ஆண்டில் மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. அந்தப் பரப்பில் சுமார் 67 லட்சம் பேர் என்று வைத்துக்கொண்டால் அடர்த்தி 15,700 அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஒருவர்கூட வீடு மாறவில்லை, கோடு மட்டுமே நகர்ந்தது.

வளர்ச்சியை அளக்கும் சராசரிகளிலும் இதே சிக்கல் உண்டு. தனிநபர் வருமானம் மட்டும் போதாது என்பதால்தான் மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென் போன்ற பொருளியலாளர்களின் முயற்சியில் 1990இல் ஐ.நா.வின் மனித மேம்பாட்டுக் குறியீடு வந்தது. ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் அக்குறியீட்டில் 2023ஆம் ஆண்டுக்கு இந்தியாவின் மதிப்பு 0.685, இடம் 130. அதற்கு முந்தைய ஆண்டுதான் திவால் நிலைக்குப் போன இலங்கை நம்மைவிட வெகுவாக மேலே நிற்கிறது. பல பத்தாண்டுகளாகப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செய்த செலவு ஒரு நெருக்கடியில் கரைந்துவிடுவதில்லை. ஏற்றத்தாழ்வைக் கழித்துப் பார்க்கும் குறியீடும் 2010 முதல் வெளிவருகிறது; அதில் இந்தியாவின் மதிப்பு ஏறக்குறைய 30 சதவீதம் சரிகிறது. என்னைக் கேட்டால், செய்தித்தாள்கள் தலைப்பில் போட வேண்டிய எண் அதுவே.

ஆனால் அந்த எண்ணும் நாடு முழுவதற்குமானது. நகரின் நடுவில் வீட்டு வேலை செய்துவந்த ஒரு பெண் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட பிறகு வேலைக்குப் போய்வரப் பேருந்தில் கழிக்கும் நேரமும், பாதிக் கல்வியாண்டில் பள்ளி மாறிய அவர் பிள்ளையின் இழப்பும் எந்தக் குறியீட்டிலும் ஏறுவதில்லை. 2021இல் நடக்க வேண்டியிருந்த கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளிப்போயிருக்கும் நிலையில், மறுகுடியமர்வுக் குடியிருப்புகளின் விவரங்களை வார்டு வாரியாகத் தனியே வெளியிட்டாலாவது அங்கு வாழ்வோரின் கல்வியும் வேலையும் எந்த நிலையில் உள்ளன என்பதை ஒப்பிட்டுப் பார்க்க வழி பிறக்கும்.