பந்தை விடுங்கள், பெஞ்சைப் பாருங்கள்: ஃப்ளோர்பால் முகாம் நாட்குறிப்பு

2025 மே 2, வெள்ளி

ஃப்ளோர்பால் என்பது ஹாக்கி போல ஸ்டிக்கால், துளையுள்ள லேசான பிளாஸ்டிக் பந்தை வைத்து உள்ளரங்கில் ஆடும் ஆட்டம்; களத்தில் ஓர் அணிக்கு ஐந்து பேரும் ஒரு கோலியும். முகாமுக்கு மதுரை யானைமலை ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பள்ளிக் கலையரங்கம் இருபது நாளைக்குக் கிடைத்திருக்கிறது. உள்ளளவு 42க்கு 22 மீட்டர். உலகப் போட்டிகளில் ரிங்க், அதாவது சுற்றிலும் தாழ்ந்த பலகைச் சுவர் (போர்டு) வைத்த ஆடுகளம், 40க்கு 20. அதை அப்படியே இங்கே போட்டால் சுவருக்கும் போர்டுக்கும் நடுவில் ஒரு மீட்டர்தான் மிஞ்சும். பெஞ்ச் போட இடம் இருக்காது. 36க்கு 18 வரை குறைக்க விதி இடம் கொடுக்கிறது. அதையே எடுத்துக்கொண்டோம்.

ரிங்கைக் குறைக்கிறவர்கள் கூடவே கோல் பக்கத்தையும் சுருக்கிவிடுவார்கள். அது தப்பு. கூண்டு 160 செ.மீ. அகலம், 115 செ.மீ. உயரம், முன்னால் கோல் கட்டம் 5க்கு 4 மீட்டர், அதற்குள் கோலிக்கு மட்டுமான சின்னக் கட்டம் 2.5க்கு 1 மீட்டர். இவை மாறாது. கோல் கோடு பின்போர்டிலிருந்து 3.5 மீட்டர் தள்ளி வர வேண்டும். கூண்டுக்குப் பின்னாலும் ஆட்டம் உண்டு, பாதி கோல்கள் அங்கிருந்து வரும் பாஸில்தான் பிறக்கின்றன என்று தோன்றும் அளவுக்கு.

மூலைகள் செங்கோணமாக வரக் கொத்தனார் நூலில் 3-4-5 முக்கோணம் பிடித்தோம். சரிபார்க்கக் குறுக்களவு: 36க்கு 18 என்றால் இரண்டு பக்கமும் 40.25 மீட்டர் வரணும். முதல் தடவை ஒரு பக்கம் 11 செ.மீ. கூடுதல். டேப் ஒட்டுவதற்கு முன்னாலேயே அளந்தது நல்லதாய்ப் போயிற்று.

மே 3, சனி

இன்று முழுக்க போர்டு. உலகப் போட்டிகளில் வைப்பது சர்வதேசக் கூட்டமைப்பு முத்திரை குத்திய பிளாஸ்டிக் போர்டு. பயிற்சிக்கு 12 மி.மீ. பிளைவுட் போதும். உயரம் 50 செ.மீ. எட்டு அடிக்கு நாலு அடி ஷீட் ஒன்றில் 50 செ.மீ. பட்டை இரண்டு கிடைக்கும்; மிஞ்சும் 22 செ.மீ. துண்டில் பின்பக்கத் தாங்கு முக்கோணங்கள் அறுத்துக்கொள்ளலாம்.

கணக்கு இப்படி: மூலை வளைவின் ஆரம் 2 மீட்டர் என்று வைத்தால் நேர்ப்பகுதி மொத்தம் 92 மீட்டர். 2.44 மீட்டர் பட்டையில் 38 துண்டு, ஆக 19 ஷீட். வளைவு ஒவ்வொன்றும் 3.14 மீட்டர். அதற்கு 4 மி.மீ. பிளையை இரண்டு அடுக்காக, இணைப்புகள் ஒன்றின் மேல் ஒன்று விழாமல் மாற்றிமாற்றி ஒட்டினோம். ஃபெவிகால் காய ஒரு ராத்திரி விடணும். அவசரப்பட்டு கிளாம்பை எடுத்தால் வளைவு நிமிர்ந்துவிடும்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி: தரையோடு ஏன் இறுக்கவில்லை? போர்டு நகர வேண்டும். ஓடிவந்து மோதும் பிள்ளைக்கு அது விட்டுக்கொடுக்கணும், இல்லையென்றால் முழங்கால் போய்விடும். அதனால் துண்டுகளை வெளிப்பக்கத்தில் ஒன்றோடொன்று கிளாம்ப் போட்டதோடு சரி. மேல் விளிம்புக்குத் தோட்டத்து ஹோஸ் பைப்பை நீளவாக்கில் கீறி மாட்டியிருக்கிறது.

இணைப்பு சரியா என்று பார்க்க அளவுகோல் வேண்டாம். பந்தைப் போர்டை ஒட்டி உருட்டிவிட்டுக் காதைக் கொடுங்கள். சர்ரென்று போனால் சரி. 'டக்' என்று கேட்டால் அந்த இடத்தில் ஒரு பலகை உள்ளே துருத்துகிறது. ஆட்டத்தில் அங்கேதான் பந்து எகிறும். ஆறு இடத்தில் கேட்டது.

மே 5, திங்கள்

கத்திரி நேற்றுத் தொடங்கிவிட்டது. பயிற்சி காலை 6 முதல் 8:30 வரை, மாலை 5:30க்கு மேல்.

ஸ்டிக் கொடுக்கும் நாள். நீளம்: நேராக நிறுத்தினால் தொப்புள் அளவு, கொஞ்சம் மேலே போனாலும் பரவாயில்லை. 155 செ.மீ. உயரப் பிள்ளைக்கு 87 முதல் 92 செ.மீ. தண்டு. தண்டில் போட்டிருக்கும் 28, 32 போன்ற எண், 30 கிலோ பாரம் தொங்கவிட்டால் எத்தனை மில்லிமீட்டர் வளையும் என்பது. எண் கூடினால் மெத்து. தொடங்குகிறவர்களுக்கு 30க்கு மேல் கொடுப்பது நல்லது. கையில் பலம் இல்லாமல் விறைப்பான தண்டைப் பிடித்தால் ஷாட் தரையைத் தேய்த்துக்கொண்டு போகும்.

இடதா வலதா என்பதில்தான் குழப்பம். ஹாக்கியிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் வலது கை கீழே. ஹாக்கி மட்டைக்கு ஒரு பக்கம்தான் தட்டை, வேறு வழியில்லை. ஃப்ளோர்பாலில் இடது வளைவு, வலது வளைவு இரண்டும் உண்டு, பிளேடின் (ஸ்டிக் அடியில் பந்தை அடிக்கும் பகுதி) இரண்டு முகத்தாலும் ஆடலாம். மற்றப் பிள்ளைகளிடம் ஒரு மண்வெட்டியைக் கொடுத்து வரப்பு வெட்டுவதுபோல் பிடிக்கச் சொன்னோம். எந்தக் கை தானாகக் கீழே போகிறதோ அந்தப் பக்க பிளேடு. மேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் யோசிக்கவே இல்லை.

பிளேடின் குழிவு 30 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. வளைக்க: கொதித்த நீரில் அரை நிமிடம், துணி சுற்றி அழுத்தம், உடனே குளிர்ந்த நீர். மெதுவாக ஆறவிட்டால் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். ஸ்டிக்கைத் தரையில் படுக்கவைத்து பத்து ரூபாய் நாணயத்தைக் குழிவுக்கு அடியில் செங்குத்தாக நிறுத்துங்கள். நாணயம் 27 மி.மீ. அதற்கு மேலும் தாராளமாக இடைவெளி தெரிந்தால் பிளேடு விதிக்கு வெளியே போயிற்று.

மே 6, செவ்வாய்

தரை சிவப்பு ஆக்சைடு சிமென்ட். பிளேடின் அடி விளிம்பு ஒரே நாளில் பிசிறடிக்கிறது. பழைய பிளேடையே பயிற்சிக்கு வைத்துக்கொள்ளவும், பிசிறைச் சவர பிளேடால் சீவிவிடவும். பந்து 72 மி.மீ., 23 கிராம், 26 துளை. இவ்வளவு லேசான பொருளுக்குப் பக்கவாட்டில் பீடஸ்டல் ஃபேன் வைத்தால் தூக்கிக் கொடுக்கும் பாஸ் எல்லாம் விலகும். ஃபேனை பெஞ்சுக்குப் பின்னால் மட்டும் வைத்தோம். மூடிய காருக்குள் பந்து மூட்டையை வெயிலில் விடாதீர்கள், நசுங்கிவிடும். பழைய பந்தில் விரிசல் விழுவது பெரும்பாலும் இரண்டு பாதியும் சேரும் ஒட்டில்தான். நகத்தால் தடவினால் தெரியும்.

மே 8, வியாழன்

திருக்கல்யாணம், முகாம் கிடையாது. வீட்டில் இருப்பவர்கள் பார்க்க, பெண்கள் உலகப் போட்டி பற்றிக் கொஞ்சம்.

1997இல் பின்லாந்தின் ஆலண்ட் தீவுகளில் தொடங்கி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 2023 வரை 14 போட்டி. ஸ்வீடன் 11, பின்லாந்து 2 (1999, 2001), சுவிட்சர்லாந்து 1. அந்த ஒன்று 2005இல் சிங்கப்பூரில். 2007 முதல் 2023 வரை ஸ்வீடன் கோப்பையை விடவே இல்லை. அதற்காக எளிதாக வென்றார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது: 2019இல் சுவிட்சர்லாந்தின் நௌஷாடெலில் 3-2, 2021இல் உப்சாலாவில் 4-3, இரண்டு இறுதியும் ஓவர்டைமில்தான் முடிந்தன. அடுத்தது 2025 டிசம்பரில், செக் நாட்டின் ப்ர்னோவிலும் ஆஸ்ட்ராவாவிலும்.

16 அணி, நாலு குரூப். ஆனால் கிரிக்கெட் மாதிரி கலந்து போடுவதில்லை. தரவரிசையில் மேலே உள்ள எட்டும் ஏ, பி. மற்ற எட்டும் சி, டி. ஏ, பியில் முதல் இரண்டு இடம் நேரே காலிறுதி. அவற்றில் 3, 4ஆம் இடமும், சி, டியின் முதல் இரண்டு இடமும் மோதி மிச்சக் காலிறுதி இடங்களைப் பிடிக்கும். பலமில்லாத அணி முதல் நாளே 25 கோல் வாங்காமல் இருக்க இது நல்ல ஏற்பாடு.

மே 10, சனி

மூன்று ஆட்டப் பதிவு போட்டுப் பார்த்தோம். பிள்ளைகளுக்கு ஒரே நிபந்தனை: பந்தைப் பார்க்கக் கூடாது, பெஞ்ச் ஓரத்தை மட்டும் பார்க்கணும். ஆளுக்கு ஒரு எண் கொடுத்து, அந்த எண் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் கடிகாரத்தைக் குறிக்கச் சொன்னோம்.

எழுதி வந்தது 35, 42, 38, 50 விநாடி. ஒரு நிமிடத்தைத் தாண்டியவை கொஞ்சம்தான், அதிலும் பெரும்பாலும் சொந்தப் பாதியில் மாட்டிக்கொண்டு வெளியேற முடியாமல் போனவை. நேற்று மாலை நம்ம பிள்ளைகள் ஆடியதையும் இதேபோல் எழுதியிருந்தோம்: சராசரி ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. ஒருத்தி நாலு நிமிடம் உள்ளேயே இருந்தாள். "கால் வலிக்கலையே மேடம்" என்கிறாள். கால் வலிப்பதற்கு ரொம்ப முன்னாலேயே ஓட்டத்தில் வேகம் போய்விடுகிறது, அது ஆடுகிறவளுக்குத் தெரியாது.

ஓர் அணியில் 20 பேர். கோலி இரண்டு போக 18. ஐந்து ஐந்தாக மூன்று லைன் 15, மிச்சம் மூவர் கைவசம். கடிகாரம் நின்று நின்று ஓடும் 20 நிமிடம் மூன்று பகுதி, ஆக 60. லைனுக்கு 20 நிமிடம். 40 விநாடி வீதம் பார்த்தால் ஒரு பிள்ளை ஆட்டத்துக்கு 30 தடவை போர்டைத் தாண்டுகிறாள். ஷாட் பழகுவதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குகிறோம். முப்பது தடவை செய்யப்போகிற காரியத்துக்கு இதுவரை பத்து நிமிடம்கூட ஒதுக்கியதில்லை.

மே 11, 12

எதிர்சேவை, ஆற்றில் இறங்குதல். பஸ் எல்லாம் திருப்பிவிட்டிருக்கிறார்கள். முகாம் கிடையாது.

மே 13, செவ்வாய்

ஆள் மாற்றும் பயிற்சி மட்டும், காலை முழுக்க.

ஆள் மாறும் 'மாற்று இடம்' நடுக்கோட்டிலிருந்து 5 மீட்டர் தள்ளித் தொடங்கி 10 மீட்டர் நீளம். எப்போது வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம், நடுவரிடம் கேட்க வேண்டாம். ஒரே நிபந்தனை, போகிறவள் போர்டைத் தாண்டும்போதுதான் வருகிறவள் இறங்கணும். ஒரு விநாடி முந்தினால் ஆள் கூடுதல் என்று இரண்டு நிமிடத் தண்டனை.

எப்போது மாறுவது? பந்து எதிரணியின் மூலையில் கிடக்கும்போது. பந்தை அங்கே தள்ளிவிட்டு முதலில் ஃபார்வர்டுகள் வெளியே, பிறகு பெஞ்ச் பக்கத்து டிஃபெண்டர், கடைசியில் எதிர்ப்பக்கத்து டிஃபெண்டர். அவளுக்குத்தான் தூரம் அதிகம். ரிங்கைக் குறுக்கே கடக்கணும். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் திரும்பி ஓடினால் எதிரணி ஒரே பாஸில் கோலியின் முன்னால் நிற்கும். காலையில் மூன்று தடவை அப்படித்தான் ஆயிற்று.

குரல் முக்கியம். "சப், சப்" என்று எல்லோரும் கத்தினால் யாருக்கு என்று தெரியவில்லை. வெளியே வருகிறவள் தன் இடத்தைச் சொல்லணும்: "லெஃப்ட்!", "சென்டர்!" பெஞ்சில் அந்த இடத்துக்காரி ஒரு கையைப் போர்டில் வைத்து ஏற்கெனவே எழுந்து நிற்கணும். உட்கார்ந்துகொண்டு தண்ணீர் குடித்தால் இரண்டு விநாடி போச்சு. ஸ்டிக்கைக் கிடைமட்டமாகப் பிடித்துக்கொண்டு போர்டைத் தாண்டினால் பக்கத்தில் நிற்பவள் தாடையில் படும். பிளேடு கீழே பார்க்கணும்.

மே 15, வியாழன்

கோலி. கையில் ஸ்டிக் கிடையாது, மண்டியிட்டே ஆடணும். முகக்கூண்டு, மெத்தை வைத்த சட்டை, முழங்காலில் பட்டை. கபடி ஆடிய பிள்ளைகளை இதற்கு எடுத்தோம். தாழ்ந்து நகர்வதில் பயமே இல்லை, பந்துக்கு முகத்தைத் திருப்புவதும் இல்லை. ஆனால் பிடித்ததும் கட்டிக்கொள்கிறார்கள். மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. எறிந்தால் நடுக்கோட்டைத் தாண்டும் முன் பந்து தரையிலோ போர்டிலோ ஆள் மேலோ படணும். இந்தச் சிமென்ட் தரை பேன்ட்டின் முழங்காலை இரண்டே நாளில் தின்றுவிட்டது. பழைய ரெக்சினை மேலே தைத்திருக்கிறது; வழுக்குவதும் சுலபமாயிற்று.

மே 17, சனி

தண்டனைகள். இரண்டு நிமிடம் நாலு பேராய் ஆடணும். அதற்குள் எதிரணி கோல் போட்டால் தண்டனை அத்தோடு முடியும். நம்ம பக்கம் அடிக்கடி வாங்குவது: எதிராளியின் ஸ்டிக்கை அடிப்பது, தூக்குவது, பின்னாலிருந்து தள்ளுவது. தோளோடு தோள் உரசலாம். இரண்டு முழங்காலையும் ஊன்றி பந்தை மறிப்பதும் தப்பு, ஒன்று ஊன்றலாம். ஃப்ரீ ஹிட்டுக்கு ஸ்டிக்கோடு சேர்த்து மூன்று மீட்டர் தள்ளி நிற்கணும். 'ஸ்டிக்கோடு சேர்த்து' என்பதை மறக்கிறார்கள்.

மே 19, திங்கள்

2019 அரையிறுதி, சுவிட்சர்லாந்து - செக். ஆட்டம் முடிய மூன்று நிமிடம்கூட இல்லாதபோது 2-6. சுவிஸ் நாலு கோல் போட்டுச் சமன்செய்து, ஓவர்டைமில் 7-6. பிள்ளைகள் கத்திய கத்தில் வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்தார்.

கோலியை வெளியே எடுத்து ஆறாவது ஆளை இறக்குவது இப்படிப்பட்ட நேரத்துக்குத்தான். செய்முறை: பந்து நம்மிடம் உறுதியாக இருக்கணும், எதிர்ப் பாதியில் இருக்கணும். கோலிக்குச் சைகை ஒன்றுதான், பயிற்சியாளர் தலையில் கைவைப்பது. மண்டியிலிருந்து எழுந்து போர்டைத் தாண்ட எங்கள் கோலிக்கு ஆறு விநாடி ஆகிறது. ஆறாவது ஆள் அந்த ஆறு விநாடியும் போர்டுக்கு வெளியேதான். ஆசைப்பட்டு முன்னால் குதித்தால், நாலு கோல் பின்தங்கிய நிலையில் இரண்டு நிமிடத் தண்டனையும் சேரும். உள்ளே வந்தபின் ஆறு பேரும் கோல் முன்னால் குவியக் கூடாது. இரண்டு பேர் கோல் முன், இரண்டு பேர் ஓரம், இரண்டு பேர் பின்னால். பின்னால் நிற்கும் இருவர் தப்பான பாஸ் கொடுத்தால் காலிக் கூண்டு. அதனால் அங்கே நல்ல கையுள்ளவர்களைத்தான் நிறுத்தணும், நல்ல ஷாட் உள்ளவர்களை அல்ல.

மே 21, புதன்

கடைசி ஆட்டம். மூன்று பகுதியும் கடிகாரம் நிறுத்தி ஓட்டினோம். மொத்தம் இரண்டு மணி நேரம் பத்து நிமிடம். நீர்மோர் இரண்டு குடம்.

நேரம் குறித்த தாளில் உள்ளபடி ஒரு பிள்ளை ஒரு தடவை உள்ளே இருந்தது முதல் பகுதியில் சராசரி 48 விநாடி, இரண்டாவதில் 55, மூன்றாவதில் ஒரு நிமிடம் இருபது. களைப்பு வந்ததும் மாறுவதற்குப் பதிலாக நிற்கிறார்கள். பெஞ்ச் வரை ஓடவே தெம்பில்லை என்கிறார்கள். அதனால் மூன்றாம் பகுதிக்கு மட்டும் டிஃபெண்டர்களை நாலு பேர் சுழற்சியில் விட்டுப் பார்க்கலாம். ஆள் கூடுதல் தண்டனை ஒன்றே ஒன்று, எதிர்ப்பக்க டிஃபெண்டர் வந்து சேருமுன் இறங்கியதால். மாற்று இடத்தில் எல்லோரும் கையூன்றித் தாண்டி அங்குள்ள நாலு பலகையின் கிளாம்பும் தளர்ந்துவிட்டது. நாளை பிரிக்கும்போது அவற்றில் சிவப்பு மை வைத்துத் தனியாக அடுக்கணும், அடுத்த முறை அந்த இடத்துக்கு இரட்டைக் கிளாம்ப்.