நேரமின்மை காரணமாக

போன வாரம் ஒரு கல்லூரி வளாகத்தில் பொதுச் சொற்பொழிவு, அதைத் தொடர்ந்து குழு விவாதம், அனைவரும் வருக, அனுமதி இலவசம் என்று வாட்ஸப்பில் அழைப்பிதழ் வந்தது. ஆபீஸில் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். இதைப் படிக்கிற பாதிப் பேர் எப்படியும் உங்கள் கல்லூரி என்றே நினைத்துக்கொள்ளப் போகிறீர்கள்.

3 மணிக்கு என்று போட்டிருந்தார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து பாடும்போது 3.35. குத்துவிளக்கின் ஐந்து திரிகளை ஐந்து பேர் ஏற்ற வேண்டும், மேலே ஓடுகிற ஃபேனோ ஏற்ற ஏற்ற அணைக்கிறது, அதை நிறுத்த ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை. பேச்சாளரை அறிமுகப்படுத்தியவர் அவர் எத்தனை கட்டுரை எழுதினார், எத்தனை நாட்டுக்குப் போனார் என்பதை ஒரு காகிதத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் படித்தார். பாவம், அந்த மனிதர் தன் வாழ்க்கையைத் தானே கேட்டுக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

பேச்சு நன்றாகவே இருந்தது. நட்சத்திரங்கள் எரிபொருள் தீர்ந்தபின் என்ன ஆகின்றன என்பதுதான் விஷயம், 35 நிமிடத்தில் முடித்துவிட்டார். அத்தோடு விட்டிருக்கலாம். மேடையில் ஆறு நாற்காலி போட்டார்கள். குழு விவாதம் என்றால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுப்பார், குறைந்தபட்சம் ஒருவரை ஒருவர் பார்த்தாவது பேசுவார்கள் என்று நினைக்கிறவன் நான். இங்கே ஆறு பேரும் ஆளுக்கொரு குட்டிச் சொற்பொழிவு கொண்டுவந்திருந்தார்கள். நாலாவது ஆள், "எனக்கு முன்னால் பேசியவர்களே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள், இருந்தாலும்" என்று ஆரம்பித்தார். அந்த 'இருந்தாலும்' 15 நிமிடம் நீண்டது.

பிறகு மைக் கீழே வந்தது. முதல் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் வாங்கி, "கேள்வி இல்லை, ஒரு கருத்து" என்றார். அவர் உட்கார்ந்ததும் அறிவிப்பு: நேரமின்மை காரணமாகக் கேள்வி நேரத்தை இத்துடன் முடித்துக்கொள்கிறோம், நன்றியுரைக்குப் பிறகு தேநீர்.

எனக்கு முன் வரிசையில் இருந்த ஒரு மாணவி நோட்டை மூடி வைத்தாள். அட்டெண்டன்ஸுக்காக வகுப்பு வகுப்பாகக் கொண்டுவந்து உட்கார வைத்த கூட்டத்தில் எழுதிக்கொண்டு கேட்டவர்கள் நாலைந்து பேர்தான் இருப்பார்கள், அதில் இவள் ஒருத்தி.

எனக்கு எரிச்சல் வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அன்று பேசியவர் சந்திரசேகர் எல்லை பற்றிச் சொன்னார் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன வெள்ளைக் குள்ள நட்சத்திரம் சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு நிறைக்கு மேல் தாங்காது என்கிற கணக்கு). அந்தக் கணக்கின் ஒரு நுனி சென்னையில், மாநிலக் கல்லூரியில் நடந்த ஒரு சொற்பொழிவில் இருக்கிறது. 1928-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் சொமர்ஃபெல்ட் வந்து பேசினார். கேட்டவர்களில் ஒருவர் அங்கே படித்துக்கொண்டிருந்த சந்திரசேகர், 18 வயதை ஒட்டிய பையன். அணு அமைப்பு பற்றி சொமர்ஃபெல்ட் எழுதிய புத்தகத்தை ஏற்கெனவே தானாகவே படித்து வைத்திருந்தார். பேச்சைக் கேட்டதோடு நிற்காமல் மறுநாள் அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்விட்டார். நீ படித்ததெல்லாம் பழசாகிவிட்டது, குவாண்டம் இயற்பியலே இப்போது மாறிவிட்டது என்று சொன்ன சொமர்ஃபெல்ட், இன்னும் அச்சேறாத தன் கட்டுரையின் புரூஃபையும் கையில் கொடுத்தனுப்பினார். உலோகங்களில் எலக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதற்கு ஃபெர்மி-டிராக் புள்ளியியலை (ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்கிற விதியை வைத்துப் போடும் கணக்கு) பயன்படுத்திய கட்டுரை அது. சில மாதங்களில் அந்தப் புள்ளியியலை வைத்துப் பையன் எழுதிய கட்டுரை 1929-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது வெள்ளைக் குள்ளன்களுக்குக் கணக்குப் போட்டதும் அதே புள்ளியியலை வைத்துத்தான்.

சொற்பொழிவு மட்டும் போதுமாயிருந்தால் ஓட்டலுக்குப் போயிருக்க வேண்டியதில்லையே. அன்றைக்கு நன்றியுரை சொன்னவர் யார் என்று யாராவது ஞாபகம் வைத்திருக்கிறார்களா?

அதே சந்திரசேகருக்குப் பின்னால் நடந்த கதையும் உண்டு. 1935 ஜனவரியில் லண்டனில் ராயல் வானியல் கழகத்தின் கூட்டத்தில் தன் முடிவைச் சொன்னார். அடுத்து எழுந்த பிரபல பிரிட்டிஷ் வானியலாளர் எடிங்டன் அதைக் கேலி செய்து உட்கார்ந்தார். சந்திரசேகருக்குப் பதில் சொல்ல வாய்ப்பே தரவில்லை, இதை நிதானமாக யோசித்துப் பிறகு விவாதிக்கலாம் என்கிற மாதிரி தலைவர் சொல்லி, அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். நேரமின்மை அங்கேயும் இருந்திருக்கிறது!

நம் ஊரிலும் வேறு மாதிரி நடந்ததுண்டு. 1950-களின் கடைசியில் இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தன் வீட்டிலேயே கருத்தரங்கு நடத்தினார். வெளிநாட்டிலிருந்து வந்த விஞ்ஞானிகள் அங்கே பேசினார்கள், மாணவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டார்கள். 1960-இல் டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர் வந்தபோது அந்தக் குழுவைப் பார்த்து அசந்துபோனார். அதிலிருந்து பிறந்ததுதான் தரமணியில் இருக்கிற கணித அறிவியல் நிறுவனம். 1962 ஜனவரி 3 அன்று அதன் தொடக்க விழா நடந்ததும் மாநிலக் கல்லூரியில்தான், சந்திரசேகரும் வந்திருந்தார். இப்போது அந்த நிறுவனம் மியூசிக் அகாடமியில் சபாக் கச்சேரி மாதிரி அறிவியல் பேச்சு நடத்துகிறது. சென்னை ஐஐடியில் யாரைக் கூப்பிடுவது என்பதை மாணவர்களே முடிவு செய்கிற ஒரு சொற்பொழிவு வரிசை இருக்கிறது. இரண்டையும் பார்த்தாவது நம் கல்லூரிகள் பொன்னாடைச் செலவைக் குறைக்கலாம். ஆறு பேர் வேண்டாம், மூன்று பேர் போதும். அறிமுகத்தை அழைப்பிதழிலேயே அச்சடித்துவிடுங்கள், எங்களுக்குப் படிக்கத் தெரியும்.

வெளியே பஸ் ஸ்டாப்பில் அந்த மாணவி நின்றிருந்தாள். என்னம்மா கேட்க இருந்தாய் என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு நோட்டைத் திறந்து காட்டினாள். மூன்று கேள்விகள் எழுதியிருந்தாள். முதலாவது எனக்குப் புரிந்தது, இரண்டாவது சத்தியமாகப் புரியவில்லை. மூன்றாவதின் மேல் கோடு போட்டு அடித்திருந்தது.

"இதுக்கு அவரே பதில் சொல்லிட்டார் சார்" என்றாள்.