காட்டெருமைக்கு ஒரு ரவுண்ட்

ஜூலை 22

எங்கள் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்கு (பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு, நான்தான் நடத்துகிறேன்) ஒரு காட்டெருமை செய்கிறேன். சேலஞ்ச் ரேட்டிங், அதாவது மிருகத்தின் பல அளவு, 4 என்று வைத்து ஆரம்பித்துவிட்டேன். 2014 டஞ்சன் மாஸ்டர் கைடில் (ஆட்டம் நடத்துபவருக்கான புத்தகம்) இருக்கும் அட்டவணைப்படி ஆர்மர் கிளாஸ் (அடி விழ எட்ட வேண்டிய எண்) 14, ஹிட் பாயிண்ட் (உயிர்) 116 முதல் 130 வரை, ரவுண்டுக்கு (எல்லோரும் ஆளுக்கொரு தடவை ஆடும் சுற்று) 27 முதல் 32 டேமேஜ். எங்கள் ஆட்கள் நாலு பேரும் லெவல் 4. ஒற்றை மிருகத்துக்கு 1100 எக்ஸ்.பி. (ஜெயித்தால் கிடைக்கும் புள்ளி); நாலு பேருக்கு நடுத்தரச் சண்டையே 1000. ஏட்டில் எல்லாம் சரி. ஆனால் விஸார்டிடம் (மந்திரவாதி) இருப்பது 26 ஹிட் பாயிண்ட்தான். முதல் ரவுண்டில் இரண்டு முட்டும் அவள் மேலேயே விழுந்தால் அப்புறம் அவளுக்கு என்ன வேலை?

ஜூலை 23

அப்பா ராத்திரி தூங்கினார். வலது கை அப்படியே.

ஜூலை 24

துண்டை நாலாக மடித்து மடியில் போட்டு அதன் மேல் பகடையை உருட்டுகிறேன். பக்கத்துக் கட்டில் பாட்டிக்குச் சத்தம் ஆகாது.

ஃபைட்டருக்கு (போர்வீரன்) அட்டாக் போனஸ் 6, உருட்டிய எண்ணோடு அதைக் கூட்டணும். ஆர்மர் கிளாஸ் 14 என்றால் இருபது முகப் பகடையில் 13 முகங்களில் அடி விழும். 17 ஆக்கினால் பத்துதான். மிருகத்தைப் பலமாக்கப் பலரும் முதலில் கை வைப்பது இதில்தான், எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. ஆடுபவருக்கு முறை வந்து, யோசித்து, உருட்டி, ஒன்றும் நடக்காமல் போகும். அடி விழட்டும், தாங்கட்டும். ரவுண்டுக்கு நாலு பேர் சேர்ந்து 30 அடித்தால் 120 ஹிட் பாயிண்ட் நாலு ரவுண்ட் நிற்கும். அது போதும்.

ஜூலை 26

ஏற்காட்டு மலை நாகலூரிலிருந்து அவள் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறாள் (எங்கள் விஸார்ட்தான்). காபித் தோட்டத்து ஓரம் ஒற்றைக் காட்டெருமை நின்றதாம். பெரிய ஆண். முழங்காலுக்குக் கீழே வெள்ளை, தோள் மேட்டில் மழைத்தண்ணீர் வழிகிறது. நேராக வரவில்லை. பக்கவாட்டில் திரும்பி முழு உடம்பையும் காட்டிக்கொண்டு நின்றதாம். தோட்டத்து ஆட்கள் "அது சொல்லிட்டுத்தான் வரும், நகர்ந்துக்கங்க" என்று இவளை இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

சொல்லிவிட்டு வரும்! இரண்டு முறை கேட்டேன். எனக்கு வேண்டியது இதுதான்.

முதல் ரவுண்ட்: பக்கவாட்டில் திரும்பும், ஒட்டி நிற்பவருக்கு மட்டும் ஒரு முட்டு, 15. அடுத்த ரவுண்ட்: நேர்கோட்டில் 40 அடி பாயும். கோட்டில் நிற்பவர்கள் விலகித் தப்ப உருட்டணும், டெக்ஸ் சேவ் 14. தவறினால் ஆறு டி8 (எட்டு முகப் பகடை), சராசரி 27. டேமேஜுக்குப் புத்தகம் மூன்று ரவுண்ட் சராசரியைத்தான் கேட்கிறது. பாய்ச்சலில் இரண்டு பேர் சிக்குவதாக வைத்தால் 15, 54, மறுபடி 15. மொத்தம் 84, ரவுண்டுக்கு 28. அதே சேலஞ்ச் ரேட்டிங் 4! விஸார்டை ஒரே அடியில் கீழே தள்ளும் பலம் அப்படியே இருக்கிறது, ஆனால் விலகிக்கொள்ள அவளுக்கு ஒரு ரவுண்ட் கிடைக்கிறது.

ஜூலை 28

குரூப்பில் ஒருவன், "முட்டுப்பட்டா பாரலைஸ் ஆகணும் அக்கா, அப்பதான் பயம் வரும்" என்கிறான். முடியாது என்று எழுதி அனுப்பினேன். ஏன் என்று கேட்டான். பதில் நீண்டுகொண்டே போனது, அனுப்பவில்லை, இங்கே எழுதுகிறேன்.

விதிப்படி ஒரு ரவுண்ட் ஆறு விநாடி. மேசையில் அது இருபது நிமிடம். பாரலைஸ் ஆகி ஒருவருக்குத் தன் முறை போனால் அந்த இருபது நிமிடமும் மற்றவர்கள் உருட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். மனசு முழுக்க என்ன செய்யலாம் என்று ஓடும், செய்ய முடியாது. எல்லோரும் அவரைச் சுற்றி, அவருக்காகத்தான் பேசுவார்கள், அவரிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஹிட் பாயிண்ட் போனால் கிளெரிக் (குணப்படுத்தும் பூசாரி) வந்து கொடுப்பார். முறையை யார் திருப்பிக் கொடுப்பது? கீழே விழட்டும், பாதி தூரம்தான் நடக்க முடியட்டும், ஒரு கை ஆயுதத்தை நழுவவிடட்டும். ஏதாவது ஒன்று செய்ய மிச்சம் இருக்க வேண்டும். ஒன்றே ஒன்றாவது.

நாற்பது வருஷமாகக் கொலுசுக்கு முத்து பற்றவைத்த கை அது.

ஜூலை 29

கட்டைவிரல். லேசாக. பிசியோதெரபிஸ்டும் பார்த்தார்.

ஜூலை 31

நாலு கேரக்டர்களையும் நானே ஆடிப் பார்த்தேன். மூன்றாவது ரவுண்டிலேயே மாடு தனியாக நின்று அடி வாங்குகிறது. அவர்களுக்கு நாலு முறை, அதற்கு ஒன்று. ஹிட் பாயிண்டை ஏற்றினால் சண்டை நீளுமே தவிர சூடு பிடிக்காது. கன்றுகளைச் சேர்த்தால் மூன்று மிருகம் ஆனதுமே 2014 கணக்கில் எக்ஸ்.பி. இரண்டால் பெருகும், தாங்காது. அதனால் ஒரு சின்ன வேலை: யாராவது அடித்துவிட்டு ஒட்டியே நின்றால், அவர் முறை முடிந்ததும் மாடு தலையை வீசி அவரைப் பத்தடி தள்ளும். ரவுண்டுக்கு ஒரு தடவை, டேமேஜ் இல்லை. இடம் மாறும், பாயும் கோடும் மாறும்.

அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். "எத்தனை விழுந்துது கண்ணு?" வார்த்தை தெளிவாகவே வந்தது. பதினேழு என்றேன். "பட்டுதா?" பட்டுது அப்பா.

ஆகஸ்ட் 1

பில் கவுண்டர், ஸ்கேன், மறுபடி பில் கவுண்டர். எதையும் தொடவில்லை.

ஆகஸ்ட் 2

நாளை ஆடிப்பெருக்கு, மலைக்குப் போக முடியாது. ஆட்டத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளச் சொல்லிவிட்டேன், சம்மதித்தார்கள்.

60 ஹிட் பாயிண்டுக்குக் கீழே போனால் மாடு என்ன செய்யும்? காட்டுக்குள் ஓடத்தான் செய்யும், சாகும்வரை நின்று சண்டை போடாது. விரட்டினாலும் 1100 முழுசாகக் கொடுத்துவிடலாம். ஆனால் ஓடும் கோட்டில் யாராவது நின்றால் அதே டெக்ஸ் சேவா, இல்லை வேறா? டி.சி. (தப்ப எட்ட வேண்டிய எண்) 12 வைத்து உருட்டிப் பார்க்கணும். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துவிட்டார்