மழை பெய்யாத வருடத்துக்கு யார் காசு? ஒரு தானிய ரயில் டெண்டர் அனுபவம்

ஆஸ்திரேலியாவில் ஒரு சரக்கு ரயில் நிறுவனத்தில், எந்த ரயில் எப்போது எங்கே போக வேண்டும் என்று திட்டம் போடும் பிரிவில் வேலை பார்க்கிறேன். 2021இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஒரு தானிய நிறுவனம், தன் சைலோக்களிலிருந்து (தானியச் சேமிப்புக் கோபுரங்கள்) துறைமுகத்துக்குத் தானியம் கொண்டுபோகும் வேலையை டெண்டர் விட்டது. நாங்களும் போட்டியிட்டோம். யார் அந்த நிறுவனம், என்ன விலை கேட்டோம் என்பதை எழுத முடியாது, ரகசியக் காப்பு ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை எழுதத் தடையில்லை. இந்தத் துறைக்கு வரும் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் விஷயமும் இதுதான்.

முதலில் ஒரு அடிப்படை. இங்கே தண்டவாளம் ஒருவர் கையில், ரயில் இன்னொருவர் கையில். முக்கிய வழித்தடங்களையும் ஹண்டர் பள்ளத்தாக்குத் தடத்தையும் ஏ.ஆர்.டி.சி. என்ற அரசு நிறுவனம் 2004 முதல் 60 வருடக் குத்தகைக்கு வைத்திருக்கிறது. கிராமப்புறக் கிளைத் தடங்கள் மாநில அரசின் சொத்து. அவற்றைப் பராமரிக்க ஒரு தனியார் நிறுவனத்தை அரசு நியமிக்கிறது. தண்டவாள வாடகை கட்டி ரயில் ஓட்டுவதுதான் எங்களைப் போன்றவர்களின் தொழில். பசிபிக் நேஷனல், அரைசன், க்யூப், சதர்ன் ஷார்ட்ஹால் என்று பல பேர் இதில் இருக்கிறார்கள். கோதுமை ஏற்றுமதியில் ஒரே நிறுவனத்துக்கு இருந்த ஏகபோகம் 2008இல் போனது. அதற்குப் பிறகு ஏற்றுமதி செய்பவர்கள் பெருகினார்கள், ஆளாளுக்குத் தனி ரயில் ஒப்பந்தம் போட ஆரம்பித்தார்கள். போட்டி சூடு பிடித்தது அப்புறம்தான்.

விருப்பம் தெரிவிக்கும் கடிதம், பாதுகாப்புச் சான்றிதழ்கள், நிதிநிலை அறிக்கை எல்லாம் முதல் சுற்று. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, யாரும் அதில் தோற்பதில்லை. இரண்டாம் சுற்றில் இணையத்தில் ஒரு டேட்டா ரூம் திறந்துவிடுவார்கள். கடந்த பல வருடங்களில் எந்த சைலோவிலிருந்து எந்த மாதம் எத்தனை டன் போனது, எத்தனை ரயில் தாமதம், எந்தத் துறைமுகம் என்று எக்செல் கோப்புகள் கொட்டிக் கிடக்கும்.

அங்கேயே ஒரு பொறி இருக்கிறது. 2018, 2019 இரண்டும் கிழக்கு ஆஸ்திரேலியாவில் கடும் வறட்சி. ஏற்றுமதி கிடக்கட்டும், மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் கோதுமை வந்து இறங்கியது. 2019இல் கனடா கோதுமைகூடப் போர்ட் கெம்ப்ளா துறைமுகத்துக்கு வந்தது. துறைமுகத்தில் ஏற்றி உள்நாட்டுக்குத் தானிய ரயில் போன காலம் அது. நாடு முழுக்கக் குளிர்காலப் பயிர் 2019-20இல் சுமார் 3 கோடி டன். அடுத்த வருடமே மழை கொட்டி 5.5 கோடி டன்னைத் தாண்டியது. நியூ சவுத் வேல்ஸில் ஏற்ற இறக்கம் இதைவிட மோசம். இப்படி ஆடும் எண்களின் சராசரியை எடுத்து ‘வருடத்துக்கு இத்தனை டன்’ என்று விலை போட்டால், அந்தச் சராசரி வருடம் எப்போதுமே வராது.

எங்கள் நிதிப் பிரிவில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். முதல் கூட்டத்திலேயே நான் ரயில் எண்ணிக்கை, பயண நேரம் என்று படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி தம்பி, மழை பெய்யாட்டி ஆர் காசு தாறது?” என்றார். அடுத்து வந்த மாதங்கள் முழுக்க நாங்கள் எழுதிய, அடித்த, திருத்திய எல்லாம் இந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

அதற்கு முன் சைலோக்களை நேரில் பார்க்கப் போனோம். போட்டியாளர்கள் எல்லோரையும் தனித்தனி நாளில் கூட்டிப்போனார்கள். நாராப்ரை, மோரி, அங்கிருந்து வால்கெட் பக்கம். அந்த இலையுதிர் காலத்தில் மாநிலம் முழுக்க எலித்தொல்லை. சைலோ ஓரத்தில் நடந்தால் காலடியில் தரையே நகர்வது போல இருந்தது. தங்கிய விடுதியில் செருப்பைக் கட்டிலுக்குக் கீழே விடாதீர்கள் என்று சொல்லியே அறை கொடுத்தார்கள்.

சரி, எலியை விடுவோம். அங்கே பார்த்துத் தெரிந்துகொண்டதில் பாதி எந்தக் கோப்பிலும் இல்லை. ஒரு சைலோவில் சைடிங் (ரயிலை ஒதுக்கி நிறுத்தி ஏற்றும் பக்கத் தடம்) நீளம் 20 வேகனுக்குத்தான் போதும். எங்கள் திட்டத்தில் ரயிலுக்கு 40 வேகன். அப்படியென்றால் ரயிலை இரண்டாக வெட்டி, பாதியை வெளியே நிறுத்தி, ஏற்றி, மாற்றி, மறுபடி சேர்க்க வேண்டும். ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பாயிண்டை மாற்றுவது கையால், லீவரை இழுத்து. டிரைவரும் உதவியாளரும் கருங்கல் ஜல்லியில் அரை கிலோமீட்டர் நடந்துபோய் அந்த வேலையைச் செய்ய வேண்டும். இன்னொரு இடத்தில் ஏற்றும் குழாய் ஒன்றே ஒன்று. அதன் கீழ் ரயில் நடை வேகத்திலும் குறைவாக ஊர்ந்துகொண்டிருக்கும், மேலே நிற்கும் ஆள் வேகன் மூடிக்குள் எட்டிப் பார்த்துக் கையைக் காட்டுவார். எடை மேடை கிடையாது. எவ்வளவு உயரம் நிரம்பினால் எவ்வளவு டன் என்று அனுபவத்தில்தான் கணக்கு.

அந்த உயரக் கணக்கில்தான் பார்லி விஷயம் வருகிறது. கிளைத் தடங்கள் பலவற்றில் ஒரு ஆக்சிலுக்கு, அதாவது ஒரு சக்கர அச்சுக்கு, 19 டன்தான் அனுமதி. நான்கு ஆக்சில் வேகனுக்கு மொத்தம் 76 டன். வேகனின் சொந்த எடை போனால் 55 டன் அளவுக்குத் தானியம். முக்கியத் தடத்தில் 23 டன் ஆக்சில் என்றால் மொத்தம் 92, தானியம் 70 டன்னைத் தொடும். இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கோதுமை ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 770 கிலோ. பார்லியும் கனோலாவும் 650 கிலோ பக்கம்தான். ஆக, 70 கன மீட்டர் கொள்ளளவுள்ள வேகனில் கோதுமை 54 டன் ஏறும், பார்லி 45 டன்னோடு வேகன் நிறைந்துவிடும். எடை பாக்கி இருக்கும், இடம் இருக்காது. பார்லி அதிகம் விளையும் பகுதிக்கு டன் கணக்கில் விலை சொல்லும்போது எல்லா வேகனும் 55 டன் என்று போட்டால், ஓட்டுகிற ஒவ்வொரு ரயிலிலும் ஆறில் ஒரு பங்கு கைக்காசு. எங்கள் அட்டவணையில் தானிய வகைக்கு ஒரு தனிப் பத்தி சேர்த்தது அந்தப் பயணத்துக்குப் பிறகுதான்.

திரும்பி வந்து ஒரு சுற்றுப் பயணத்துக்கு எவ்வளவு நேரம் என்று கணக்கிட்டோம். என் சொந்த வேலை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2,200 டன் ஏற்றும் ஒரு ரயில் 48 மணி நேரத்தில் போய்வந்தால் வாரத்துக்கு மூன்றரை நடை, 7,700 டன். அதே ரயில் 72 மணி எடுத்தால் 5,100 டன் சொச்சம். ரயிலும் அதே, டிரைவர் சம்பளமும் அதே, போகும் சரக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைவு. துறைமுகத்தில் 33,000 டன் கப்பல் நின்றால் அதற்கு 15 ரயில் சரக்கு வேண்டும். கப்பல் காத்திருந்தால் அதற்கு டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம். ஆகவே தானிய நிறுவனம் உண்மையில் விலை கொடுத்து வாங்குவது டன்னை மட்டுமல்ல, அந்த 48 மணியையும் சேர்த்துத்தான்.

48 மணியை 72 ஆக்க எத்தனையோ வழி உண்டு. வடக்கிலிருந்து நியூகாசில் துறைமுகத்துக்கு இறங்கும் ரயில் ஆர்ட்க்ளென் ஏற்றத்தில் 40க்கு 1 சரிவில் (40 மீட்டருக்கு 1 மீட்டர் உயரம்) ஏற வேண்டும். பின்னாலிருந்து தள்ள ஒரு எஞ்சின் வேண்டும், அது நிலக்கரி ரயிலைத் தள்ளப் போயிருந்தால் காத்திருக்க வேண்டும். ஹண்டர் பள்ளத்தாக்கில் இறங்கியதும் தடம் முழுக்க நிலக்கரி ரயில்கள். தெற்கே போர்ட் கெம்ப்ளாவுக்குச் சிட்னி வழியாகப் போவதென்றால் காலையும் மாலையும் பயணிகள் நேரத்தில் சரக்கு ரயிலுக்கு அனுமதியே இல்லை. வெயில் கடுமையானால் கிளைத் தடங்களில் வேகத்தைக் குறைப்பார்கள். அறுவடையும் வெயிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் வரும். இரண்டு டிரைவர் இருக்கும் ரயிலில் ஒரு ஷிஃப்ட் 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று அப்போது சட்டம் இருந்தது. சைலோவில் ஏற்றுவது நான்கு மணி நேரம் தள்ளிப்போனால், ஏற்றி முடித்த ரயிலை எடுக்க டிரைவருக்கு நேரம் இருக்காது. மாற்று டிரைவரைக் காரில் அனுப்ப வேண்டும். நான் இவை எல்லாவற்றையும் போட்டுக் கணக்கிட்டபோது எங்கள் விற்பனைப் பிரிவு முகம் சுளித்தது. போட்டியாளர்கள் இதைவிடக் குறைவாகச் சொல்வார்கள் என்றார்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் தாமதத்துக்கு அபராதம் என்று ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் முழுக்க இருந்தது.

ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும் நிறுவனத்தை எதிர்த்துப் புதியவன் ஜெயிப்பது ஏன் கஷ்டம் என்பதற்கு ஒரே காரணம் போதும்: வேகன். அவர்களுடைய வேகன்களின் விலை எப்போதோ கழிந்துவிட்டது. நாங்கள் புதிதாக வாங்க வேண்டும், சீனாவில் செய்து கப்பலில் வர வேண்டும், அதுவும் 2021இல், கப்பல் கிடைப்பதே பெரும்பாடு. ஒப்பந்தம் சில வருடங்கள்தான், வேகனோ பல பத்து வருடங்கள் ஓடும். மேற்கு ஆஸ்திரேலியாவில் சி.பி.எச். என்ற விவசாயிகள் கூட்டுறவு இந்த முடிச்சை வேறு விதமாக அவிழ்த்தது. 2010இல் அவர்களே 17.5 கோடி டாலர் போட்டு எஞ்சினும் வேகனும் வாங்க முடிவு செய்து, ஓட்டும் வேலையை மட்டும் வாட்கோ என்ற அமெரிக்க நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். பின்னாளில் அந்த வேலை அரைசனுக்கு மாறியது. வேகன் சொந்தமென்றால் ரயில் ஓட்டும் நிறுவனத்தை மாற்றுவது சுலபம். எங்கள் வாடிக்கையாளரிடம் இதைச் சாடையாகச் சொல்லிப் பார்த்தோம். மழை பெய்யாத வருடத்தில் சும்மா நிற்கும் வேகனுக்கு வட்டி கட்ட அவர்களுக்கும் விருப்பமில்லை.

ஆக, மறுபடி அக்காவின் கேள்விக்கே வந்தோம். டன்னுக்கு இவ்வளவு என்று மட்டும் விலை, குறைந்தபட்ச உத்தரவாதம் எதுவும் இல்லை என்பது அவர்கள் கேட்டது. அப்படிக் கேட்டால் வறட்சியின் முழுப் பாரமும் எங்கள் தலையில், அதற்கேற்ப விலையும் எகிறும். மாதம் ஒரு நிலைக் கட்டணம், அதற்கு மேல் டன்னுக்குக் கொஞ்சம் என்பது எங்கள் விருப்பம். நாங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுத்தோம். நல்ல வருடம், சுமார் வருடம், வறண்ட வருடம் மூன்றுக்கும் மொத்தச் செலவு எவ்வளவு என்று ஒரே தாளில். என்னைக் கேட்டால் எங்களை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனது அந்தத் தாள்தான், எங்கள் எஞ்சின்களின் படம் போட்ட பளபளப்பான புத்தகம் அல்ல. தானிய நிறுவனங்களுக்கும் இந்தக் கவலை உள்ளூர உண்டு. கிரெய்ன்கார்ப் 2019இல், விளைச்சல் குறைந்தால் பணம் வாங்கவும் கூடினால் பணம் கொடுக்கவும் ஒரு காப்பீட்டாளரோடு 10 வருட ஒப்பந்தமே போட்டது.

இறுதிப் பேச்சுவார்த்தை சிட்னி ஊரடங்கில், எல்லாம் திரையில். எதிர்ப்பக்கம் யார் முகம் சுளிக்கிறார்கள், யார் தலையாட்டுகிறார்கள் என்று தெரியாமல் பேரம் பேசுவது பெரிய அவஸ்தை. மூன்று இடத்தில் முட்டியது. எரிபொருள் விலை ஏறினால் எத்தனை நாளுக்கொருமுறை திருத்துவது. சைலோவில் தாமதமானால் அவர்கள் எங்களுக்கு அபராதம் கட்டுவது. அப்புறம், வறண்ட வருடத்தில் எங்கள் வேகன்களையும் ஆட்களையும் வேறு வேலைக்கு அனுப்பும் உரிமை. மூன்றாவது கிடைத்ததால் நிலைக் கட்டணத்தை நாங்கள் குறைத்துக்கொண்டோம். முடிவில் வடக்குப் பகுதி எங்களுக்கு வந்தது. தெற்கு பழையவர்களிடமே இருந்தது. முழுவதும் கிடைக்கவில்லையே என்று எங்கள் ஆட்கள் சிலருக்கு வருத்தம். எனக்கு நிம்மதி. இருந்த டிரைவர்களை வைத்து இரண்டு பகுதியையும் ஓட்டியிருக்க முடியாது.

டிரைவர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கையெழுத்தான பிறகு ரயில் ஓட ஆரம்பிக்கும்வரை அதிக நேரம் தின்றது இதுதான். உரிமம் வைத்திருப்பவர் எல்லாத் தடத்திலும் ஓட்டிவிட முடியாது. அந்தந்தத் தடத்தின் சிக்னல், சரிவு, வளைவு எல்லாம் தெரிந்தவர் என்று சான்று வேண்டும். அதற்குத் தெரிந்த ஒருவரோடு இரவிலும் பகலிலும் போய்ப் பழக வேண்டும். தெரிந்தவர்கள் எல்லோரும் போட்டி நிறுவனத்தில். ஓய்வு பெற்ற டிரைவர்களைத் தேடிப் பிடித்தோம். தேசிய ரயில் பாதுகாப்பு ஒழுங்குமுறை அமைப்பிடம் அங்கீகாரத்தை விரிவாக்குவது, வேகன்களைத் தண்டவாள மேலாளரின் அனுமதிப் பட்டியலில் ஏற்றுவது இன்னொரு பக்கம். போதாக்குறைக்கு 2022 ஜனவரியில் கிராமப்புறத் தடங்களின் பராமரிப்பே ஜான் ஹாலண்ட் நிறுவனத்திடமிருந்து யு.ஜி.எல். நிறுவனத்துக்குக் கைமாறியது. பாதி விண்ணப்பங்களுக்குப் புதிய முகவரி, புதிய ஆள்.

வறட்சியைப் பற்றி அவ்வளவு வாதாடிய ஒப்பந்தத்துக்கு வந்து வாய்த்தது வெள்ளம். 2022 அக்டோபரில் மோரி ஊரே தண்ணீரில். வயலில் பயிர் அமோகம், அறுவடை இயந்திரம் இறங்க முடியாது, சைலோ சாலையில் லாரி போகாது. இயற்கைச் சீற்றத்துக்கு அபராதம் இல்லை என்ற பிரிவு இரு பக்கத்துக்கும் இருந்ததால் அந்தச் சண்டை வரவில்லை. ஆனால் ரயில் ஓடாத நாட்களுக்கு மாத நிலைக் கட்டணம் உண்டா இல்லையா என்று அந்தப் பிரிவில் தெளிவாக எழுதியிருக்கவில்லை. இரு தரப்பு வழக்கறிஞர்களும் பேசி, பாதித் தொகைக்கு ஒத்துக்கொண்டோம். அடுத்த டெண்டரில் அந்தப் பிரிவுக்கு மட்டும் அக்கா தனியாக இரண்டு பக்கம் எழுதினார்.