ஓடைக்குள் வெப்பமானி வைத்த கதை

அமெரிக்காவின் தெற்கு அப்பலாச்சியன் மலை ஓடைகளுக்குச் சொந்தமான ட்ரவுட் மீன் ஒன்றே ஒன்றுதான்: ப்ரூக் ட்ரவுட். ரெயின்போ ட்ரவுட் பசிபிக் பக்கத்து ஆறுகளிலிருந்து கொண்டுவந்து விட்டது. பிரவுன் ட்ரவுட் 1883-இல் ஜெர்மனியிலிருந்து முட்டையாகக் கப்பலில் வந்தது. இந்த இரண்டையும்விட ப்ரூக் ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். 20 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே திணற ஆரம்பிக்கும். சூடு ஏற ஏற மீனுக்கு ஆக்ஸிஜன் தேவை கூடுகிறது, தண்ணீரில் கரைவதோ குறைகிறது. 10 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் கரையும், 20-இல் 9தான்.

மீனை எண்ணுவதைவிடத் தண்ணீரை அளப்பது எனக்குக் கைவரும் வேலையாகத் தெரிந்தது. நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கி, அப்படிப்பட்ட ஓர் ஓடையில் வெப்பநிலையைத் தானே பதிந்துகொள்ளும் இரண்டு லாகர்களை வைத்தேன். ஒன்று மேலே ஹெம்லாக் என்ற ஊசியிலை மரங்களின் நிழலில், இன்னொன்று கீழே மாடு மேயும் வெட்டவெளியில். வைப்பதற்கு முன் இரண்டையும் ஐஸ் கரையும் தண்ணீரில் போட்டு, பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். துளையிட்ட வெள்ளை பிவிசி குழாய்க்குள் வைத்தால் வெயில் நேராகப் படாது. இல்லாவிட்டால் தண்ணீரின் சூட்டுக்குப் பதில் சூரியனின் சூட்டைத்தான் அளந்துகொண்டிருப்போம்!

கோடை முடிந்து பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். காலையில் இரண்டு இடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சாயங்காலத்துக்குள் வெட்டவெளிப் பகுதி மூன்று டிகிரி மேலே போய்விடுகிறது. கடும் வெயில் வாரத்தில் மதியத்திலிருந்து இருட்டும்வரை அங்கே 20-க்கு மேல்தான். நிழல் பகுதி ஒருநாள்கூட அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. இரவில் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ராத்திரி குளிர்ந்தால் மீன் ஓரளவு தேறிக்கொள்ளும்.

அப்புறம், வெட்டவெளிக்கும் நிழல் வர வேண்டுமென்று நடவு. இலை உதிர்ந்த பருவத்தில் வில்லோ மரத்தின் போத்துகளை வெட்டி, மொட்டு மேல்நோக்கி இருக்கும்படி, முக்கால்வாசி நீளம் ஈரக்கரைக்குள் இறங்குமாறு அடித்தேன். கரை இறுகிக் கிடந்த இடங்களில் முதலில் கடப்பாரையால் குழி போட்டுக்கொண்டால் பட்டை உரியாது. பாதிக்கு மேல் துளிர்த்தது. துளிர்த்ததில் கணிசமானதை மான் தின்றது. அதனால் இப்போது ஒவ்வொன்றுக்கும் கம்பிவலைக் கூண்டு. மாடு இறங்காதபடி வேலி போட நிலத்துக்காரரும் சம்மதித்துவிட்டார். என்னைக் கேட்டால் நடவைவிட அதுதான் பெரிய வெற்றி. கரை இடிந்து வண்டல் இறங்கினால், இலையுதிர்காலத்தில் கூழாங்கற்களுக்கிடையே இடும் முட்டைகள் மூச்சுமுட்டிப் போகும்.

கவலையெல்லாம் மேலே இருக்கும் ஹெம்லாக் மரங்கள்மேல்தான். அசுவினி மாதிரி ஒரு வெளிநாட்டுப் பூச்சி, 1951-இல் வர்ஜீனியாவில் தென்பட்டது, ஊசியிலைகளின் அடியில் வெள்ளைப் பஞ்சுபோல ஒட்டிச் சாற்றை உறிஞ்சுகிறது. இங்கே சில கிளைகளில் அந்தப் பஞ்சு தெரிகிறது. வில்லோ நிழல் கொடுக்கும் உயரத்துக்கு வர இன்னும் சில ஆண்டுகளாகும். அதனால் அடுத்த நடவு வெட்டவெளியில் இல்லை, ஹெம்லாக்குகளுக்கு நடுவிலேயே. மூன்றாவது லாகர் ஒன்றும் வாங்கியாகிவிட்டது. பக்கவாட்டில் ஊற்று வந்து கலக்கும் மடுவில் அதை இறக்கப் போகிறேன். கோடையில் மீன்கள் ஒதுங்குவது அங்கேதான் என்று சந்தேகம்.